கிசில்பெல் கணவாயில் கலந்துபோன மந்தைகள்

(கிர்கிசு நாட்டின் கராகொக்து ஊரில், கோக்சூ ஆற்றுப் பாலத் திறப்பு விழாவில் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்று, காற்றில் தொப்பி பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் என்னை மேடைக்கு அழைத்த ஊர்மன்றத் தலைவர் சாதிபாய் அவர்களே! பாதி வழி வண்டியிலும் மீதி வழி எங்கள் ஊர்க் குதிரையிலுமாக வந்திறங்கி, இன்னும் இடுப்பைத் தடவிக்கொண்டிருக்கும் மாவட்டத் தலைவர் அவர்களே! முன்வரிசையில், முடியில் பனி சுமந்த மலைகளைப் போல் வெண்தாடியோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே! கொதிக்கும் எண்ணெயில் போர்சோக் மாவுத் துண்டுகளைப் போட்டுவிட்டு, கருகிவிடுமோ என்ற கவலையோடு ஒரு காதை இங்கும் ஒரு காதை அடுப்பங்கரையிலும் வைத்து நிற்கும் தாய்மார்களே! கணவாய் கடந்து வந்திருக்கும் சரிதோபே ஊரின் சம்பந்திகளே, மச்சான்களே! உங்கள் அனைவரையும் நம் மரபு கற்பித்த முறையில் கேட்கிறேன்: மந்தை நலமா? மக்கள் நலமா?

ஆம், மந்தையை முன்னே வைத்து மக்களைப் பின்னே வைத்துத்தான் நாம் நலம் கேட்போம். மந்தை நலமாயிருந்தால் மக்கள் நலமாயிருப்பார்கள் என்பது நம் நம்பிக்கை. கேட்கிறோம், நாள்தோறும் கேட்கிறோம், வழியில் கண்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்கிறோம். ஆனால், அன்புடையீர், "நலமா" என்று கேட்கும் நாம் "எத்தனை" என்று கேட்டதுண்டா? ஒரு கிர்கிசனைப் பார்த்து, உன் பட்டியில் ஆடு எத்தனை என்று கேட்பவன் உண்டா? கேட்டால் கண்ணேறு! சொன்னால் கேடு! எண்ணினால் குறையும், எண்ணாவிட்டால் பெருகும் என்று எண்ணி எண்ணியே எண்ணிக்கையை மறைத்தவர்கள் நாம்!

அந்த மறைப்பு நமக்கு என்ன செய்தது என்பதை இன்று இந்தப் பாலத்தின் வாயிலில் நின்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் நம் நாட்டைச் சொல்லிவிடுகிறேன். நிலப்படத்தில் நம்மைத் தேடுகிறவன் விரல் நான்கு நாடுகளின் எல்லையைத் தடவிய பிறகே நம்மைத் தொடும். கடலுக்கு வழியில்லை, கப்பலுக்கு வேலையில்லை. பத்தில் ஒன்பது பங்கு மலை. எஞ்சிய ஒரு பங்கில்தான் வீடும் வயலும், பள்ளியும் பாடையும், சந்தையும் சண்டையும்! பனி நம்முடையது, பள்ளத்தாக்கு நம்முடையது. பனி உருகிப் பாய்கிற ஆறு மட்டும் பிறந்த வீட்டில் தங்காத பெண்ணைப் போல எல்லை தாண்டிப் போய் எவர் வயலிலோ பருத்தி விளைக்கிறது. நீரைப் பெற்ற நாம் குளிர்காலத்தில் விளக்கெரியாமல் இருட்டில் இருக்கிறோம். மண்ணுக்குள் பொன் உண்டு. மண்ணுக்கு மேல் கம்பளி உண்டு. ஆனாலும் இந்த நாடு வெளியே அனுப்பியவற்றுள் விலைமதிப்பற்றது எது? பொன்னா? இறைச்சியா? இல்லை, தாய்மார்களே! உங்கள் பிள்ளைகள்! உருசிய நாட்டுப் பனியில் செங்கல் சுமக்கிற உங்கள் பிள்ளைகள்! மாதந்தோறும் வந்து சேரும் பணத்தில் அவர்களின் வியர்வையை முகர்ந்து பார்த்தே வீடு நடத்துகிறோம்.

அரசியலில் மட்டும் நாம் அஞ்சாதவர்கள். ஆட்சி பிடிக்கவில்லையா? தலைநகர்ச் சதுக்கத்தில் திரள்வோம், தீப்பொறி பறக்கப் பேசுவோம், நாற்காலியில் இருந்தவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றுவோம். உலகமே வியந்து பார்க்கும்! மாளிகையை மாற்றத் தெரிந்த நமக்கு, ஊர் எல்லையில் ஓடும் ஓர் ஆற்றைக் கடக்க ஒரு பாலம் கட்டத் தெரிந்ததா? அரசரை அசைத்தோம், ஆற்றை அசைக்க முடிந்ததா?

(மூன்றாம் வரிசையில் நம் ஊர் மமசாலி அண்ணன் ஏன் சிரிக்கிறார்? சிரியுங்கள் அண்ணே, சிரியுங்கள். உங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. வருகிறேன்.)

கோக்சூவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அது கன்று. கணுக்கால் நனையக் கடந்துவிடலாம். நண்பகல் வெயில் பனிமுகட்டில் பட்டதும் அது காளை. மாலைக்குள் மதம் பிடித்த மலைப்பெருக்கு. நம் ஊர் இந்தக் கரையில். நம் கோடை மேய்ச்சல் நிலமான சைலோ அந்தக் கரையில். வாழ்வு இங்கே, வாழ்வாதாரம் அங்கே. நடுவே இந்த நீர்.

இனி அனார்குலின் கதைக்கு வருகிறேன். நம் மேய்ச்சல் குழுத் தலைவி அனார்குல் அதோ மேடை ஓரத்தில் நிற்கிறார். உட்காருங்கள் என்றால் உட்கார மறுக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் குழுத் தலைவி இல்லை. நம்மைப் போல் ஒரு குடும்பத்துப் பெண். கணவர் எர்மெக் உருசிய நாட்டில் பாலம் கட்டும் பணியில் இருந்தார். அனுப்பிய பணத்தையெல்லாம் அனார்குல் ஆடாக்கினார். ஆடு குட்டியாகி, குட்டி ஆடாகி, மந்தை ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்த அன்று எர்மெக் ஊர் திரும்பிவிட வேண்டும். அதன்பின் அயல்நாட்டுப் படியை மிதிக்கவே கூடாது. இதுதான் கணவனும் மனைவியும் தொலைபேசியில் செய்துகொண்ட உடன்பாடு.

அந்த வேனிலில் கால்நடைக் கணக்கெடுப்பு வந்தது. தலைக்கு இவ்வளவு என்று மேய்ச்சல் வரி கட்ட வேண்டும் அல்லவா? நாம் என்ன செய்வோம்? என்ன செய்வோம் என்று கேட்டேன்! ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? நானே சொல்கிறேன். கண்ணுக்குக் கொஞ்சம் பட்டியில் விட்டுவிட்டு, மிச்சத்தை விடியுமுன் கிசில்பெல் கணவாய் வழியாகச் சரிதோபேக்கு ஓட்டிவிடுவோம். அங்கே மச்சான் பட்டியில் அவை மறைந்திருக்கும். கணக்கர் நம் ஊரில் எண்ணிவிட்டுத் தேநீர் குடித்துப் போன பிறகு திரும்பி வரும். அடுத்த வாரம் சரிதோபேயில் கணக்கு. அப்போது அவர்கள் ஆடு நம் பட்டிக்கு விருந்து வரும். ஒரே ஆட்டுக்கு இரண்டு ஊர். ஏட்டில் மட்டும் இடமில்லை!

அனார்குலும் அப்படியே அனுப்பினார். ஊரோடு ஒத்து அனுப்பினார். கணக்கர் போனதும் கணவாயிலிருந்து மந்தை திரும்பியபோது நண்பகல் தாண்டிவிட்டது. முந்தித் திரும்பிய மற்றவர்கள் காலையிலேயே ஆற்றைக் கடந்து சைலோவில் நல்ல புல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பிந்தினால் புல் போய்விடுமே என்ற தவிப்பில் அனார்குல் மந்தையை ஆற்றில் இறக்கினார். அன்று கோக்சூ என்ன செய்தது என்பதைக் கரையில் நின்று நீங்களும் கண்டீர்கள், நானும் கண்டேன். முன்னே போன சிறுகூட்டம் மட்டும் கரையேறியது. மற்றவை... கம்பளி மூட்டைகளைப் போல் சுழன்று சுழன்று வளைவில் மறைந்தன.

மறுநாள் அவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். வெள்ளத்தில் கால்நடை இழந்தோர்க்கு அரசு இழப்பீடு தருகிறதல்லவா? அங்கிருந்த அலுவலர் ஏட்டைப் புரட்டினார். அங்கே நடந்த பேச்சை அனார்குல் சொன்னபடியே சொல்கிறேன்.

"உங்க பேருல எத்தன ஆடு பதிஞ்சிருக்கோ, அத்தனையும் இப்ப கரையேறி உசுரோட நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப செத்தது எந்த ஆடும்மா?"

"ஐயா, அது... பதியாத ஆடுங்க."

"பதியலன்னா பொறக்கல. பொறக்காத ஆடு எப்படிம்மா சாகும்?"

அவையோரே! அந்தச் சொல்லில் கொடுமை இருந்தது. ஆனால் பொய் இருந்ததா? பொய் எங்கே இருந்தது? நம் பட்டியில் இருந்தது! பல ஆண்டுக் குளிரையும் பசியையும் விற்று வாங்கிய உயிர்கள், பிறக்காத உயிர்களாக ஆற்றோடு போயின. அனார்குல் அங்கேயே இன்னொன்றும் கேட்டார்: "சரிங்க, ஒரு பாலமாவது கட்டித் தருவீங்களா?" அலுவலர் நம் ஊரின் மொத்தக் கணக்கைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவுதான் ஆடா உங்க ஊருக்கு? இதுக்கு எதுக்கும்மா பாலம்? ஆளுக்கு ஒண்ணத் தோள்ல தூக்கிட்டு நடந்துருங்களேன்!"

ஊருக்குத் திரும்பி, எர்மெக்குக்குத் தொலைபேசியில் சொன்னார். எர்மெக், "சரி விடு. நீ நல்லாருக்கியா? ஆத்துல நீ எறங்கலயே? ... அப்ப இன்னும் சில வருசம் ஆகும் போல, அவ்வளவுதான்" என்றாராம். அவ்வளவுதான்! எவ்வளவு பெரிய சொல்லை எவ்வளவு சிறிய சொல்லால் மூடினார், பார்த்தீர்களா?

அந்தக் குளிர்காலத்தில் மேய்ச்சல் குழுவுக்குத் தலைவர் தேர்தல். போட்டியிட ஆளில்லை. ஏச்சும் பேச்சும் வாங்குகிற பதவியை எவர் கேட்பார்? அனார்குல் கையைத் தூக்கினார். ஆள் கிடைத்ததே என்று நாம் எல்லோரும் கையைத் தூக்கினோம். தலைவியானதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். "வரிப்பணம் இப்போ மேல போறதில்ல, சட்டம் மாறி வருசமாச்சு. நம்ம குழுவுலேயே தங்குது. அதுல நம்ம பங்கப் போட்டா மாவட்டம் இரும்பு தரும். பாலம் கட்டலாம்" என்றார். சட்டம் மாறியது உண்மை. நம் பழக்கம் மாறவில்லை என்பதும் உண்மை.

மமசாலி அண்ணே, இதோ வந்துவிட்டேன். ஏட்டின்படி இவர் ஏழை. அந்த ஏழைதான் ஊரில் எவர் வீட்டுத் திருமணத்துக்கும் குதிரை அனுப்புவார், விருந்துக்குக் கொழுத்த கடா அனுப்புவார்! அனார்குல் இவர் வீட்டுக்குப் போனபோது நடந்த உரையாடல் ஊரறியும்.

"அண்ணே, உள்ளதச் சொல்லுங்கண்ணே."

"உள்ளதத்தான் தங்கச்சி சொல்றேன். கண்ணுக்குத் தெரியறது உள்ளது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது இல்லாதது."

"ஆத்துல போனா?"

"என் ஆடு போகாது. என் ஆட்டுக்கு அறிவு அதிகம்."

(கூட்டத்தில் யாரோ, "ஆட்டுக்குத்தான்!" என்கிறார். ஐயா, அதை நான் சொல்லவில்லை. மேடையில் இருப்பவன் பொறுப்பாகப் பேச வேண்டும்.)

வேண்டினார், விளக்கினார், வாதாடினார். ஒருவர் அசையவில்லை. அப்போதுதான் சரிதோபேயில் ஒரு திருமணம் வந்தது. விருந்தில் அந்த ஊர் மேய்ச்சல் குழுத் தலைவர் சபிர்பெக்குக்குப் பக்கத்தில் அனார்குலுக்கு இடம். தேநீர்க் கிண்ணம் கைமாறும்போது மெல்லக் கேட்டிருக்கிறார்.

"சபிர்பெக் அண்ணே, உங்க ஊர்க் கணக்கு என்னிக்கு?"

"உங்களுது முடிஞ்ச அடுத்த வாரம். எப்பவும் அப்படித்தானே? ஆடு நடந்து வரணும்ல!" என்று சிரித்திருக்கிறார்.

"இந்த வாட்டி ரெண்டும் ஒரே நாள்ல வச்சா?"

சபிர்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "தங்கச்சி... நம்ம ரெண்டு பேரையும் ஊர விட்டே தொரத்திருவாங்க."

"தொரத்தட்டும். தப்பிச்சு ஓட எங்க ஊருல பாலம்கூட இல்ல."

சிரித்தாராம் சபிர்பெக். சிரித்தவர் இசைந்தார். அவர் ஊரிலும் ஆறு உண்டு, அழுகை உண்டு.

இரண்டு ஊரிலும் கணக்கு நாளை முதல்நாள் மாலைதான் அறிவித்தார்கள். நம் ஊரில் தொலைபேசி எடுத்தாலும் கணவாய்க்கு அப்பால் சரிதோபேயில் அலைவரிசை கிடையாது என்பது நாம் அறிந்ததே. அறிவிப்பைக் கேட்டதும் இந்த ஊர் பரபரத்தது. அதே வேளையில் அந்த ஊரும் பரபரத்தது. விடியுமுன் இங்கிருந்து மந்தைகள் புறப்பட்டன. விடியுமுன் அங்கிருந்தும் புறப்பட்டன. இவை மேலே ஏற, அவையும் மேலே ஏற, கதிரவனும் மேலே ஏற, கிசில்பெல் கணவாயின் உச்சியில், இருபுறமும் செங்குத்துப் பாறை எழுந்த அந்த இடுக்கில், இரண்டு ஊரின் இல்லாத ஆடுகள் அனைத்தும் ஒன்றையொன்று எதிர்கொண்டன!

ஆட்டுக்கு ஊரெல்லை தெரியுமா? வரி தெரியுமா? வரிசை தெரியுமா? தேநீரில் பால் கலப்பதுபோல் கலந்தன. நாய்கள் குரைத்தன, குட்டிகள் கதறின, குதிரைகள் மிரண்டன. முன்னால் வந்த மமசாலி அண்ணன், எதிரே வந்த தம் மனைவியின் தம்பி துர்தாகுனைக் கண்டார். அந்தப் பேச்சை இரண்டு ஊரும் மனப்பாடமாக வைத்திருக்கிறது.

"டேய் மச்சான்! எங்கடா கெளம்பிட்ட?"

"உங்க வீட்டுக்குத்தான் அத்தான்! நீங்க?"

"உன் வீட்டுக்குத்தான்டா!"

ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப நம்ம ரெண்டு பேரு வீட்டுலயும் யாருடா இருக்கா?"

"கணக்கெடுக்கிறவன், அத்தான்."

கணக்கெடுப்பவர்கள் வீட்டிலும் இல்லை, அவையோரே! அனார்குல் குதிரையில் முன்னே வர, நம் ஊர்க் கணக்கர் பின்னே மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து சபிர்பெக் தம் ஊர்க் கணக்கரோடு வந்தார். அனார்குல் குதிரையை விட்டிறங்காமலே கேட்டார்.

"இது யாரு ஆடு?"

"தெரியலயே தங்கச்சி. நான் சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றார் மமசாலி.

"நாய்?"

"அதுவும் காத்து வாங்கத்தான்."

"துர்தாகுன் தம்பி, உங்களுதா?"

"ஐயோ, எனக்கு ஆடே பிடிக்காதுக்கா."

மற்றவர்களும் அப்படியே. ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் சேணவாரை இறுக்கினார். ஒருவர் அப்போதுதான் தொழுகை நினைவு வந்ததுபோல் மண்டியிட்டுவிட்டார். கணவாய் நிறைய ஆடு! உரிமை கொண்டாட ஓர் ஆள் இல்லை!

அனார்குல் குதிரையை விட்டிறங்கினார். கூட்டத்துக்குள் நடந்தார். சுருள் கொம்பும் அகன்ற மார்பும் ஆடி அசையும் வாலுமாக நின்ற ஒரு பெரிய கடாவின் கொம்பைப் பற்றினார்.

"சரி. சொந்தக்காரன் இல்லாத ஆடு ரெண்டு ஊருக்கும் பொது. சபிர்பெக் அண்ணே, பெரிய கொப்பரை எத்தன கெடைக்கும்? இன்னிக்கே விருந்து போட்டுருவோம். இந்தக் கடாவுலேர்ந்து ஆரம்பிக்கலாம். யாராவது ஒரு கத்தி குடுங்க."

"ஏய்! ஏய்! விடு! கொம்ப விடு தங்கச்சி! அது என் புள்ள மாதிரி!"

"யாரு புள்ள?"

"என்... என் புள்ள!"

"காதுல என்ன அடையாள வெட்டு?"

"இடது காது, கீழ் ஓரம், ஒத்த வெட்டு. எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்க குடும்பத்துக்கு அதுதான்."

"அதே காது இருக்கிற மத்த ஆடுங்க?"

மமசாலி அண்ணன் பாறையைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், கடாவைப் பார்த்தார். "அதுங்களும்... அந்தக் கடாவுக்குச் சொந்தக்காரங்கதான்" என்றார்.

தாய்மார்களே, ஓர் அணை உடைந்தால் ஆறு எப்படிப் பாயுமோ அப்படிப் பாய்ந்தது அதன்பின் உண்மை! "வலது காது ரெண்டு வெட்டு, என்னுது!" "நுனி வெட்டு, எங்களுது!" "ஐயா, அந்தக் கறுப்பு என் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சது!" என்று காது காதாகப் பார்த்து, கத்திக் கத்தி உரிமை கொண்டாடினார்கள். எத்தனை என்று எவரும் கேட்கவில்லை. கேட்காமலே கணக்கர்கள் எழுதி எழுதி மாளவில்லை. மாலைவரை நடந்தது அந்தப் பிரிப்பு. முடியும் தறுவாயில் துர்தாகுன், அத்தானின் மந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அத்தான், நான் ஏழை, எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு அழுதுதானே எங்க அக்காவுக்குப் பரிசத்தக் கொறைச்சீங்க? இது என்ன அத்தான் இது?"

"அதெல்லாம் அப்புறம் பொறந்ததுடா மச்சான்!"

"எல்லாமேவா?"

(துர்தாகுன் வந்திருக்கிறாரா? வந்திருக்கிறார்! கையைத் தூக்குகிறார். பரிசம் இன்னும் தீரவில்லையாம். அது குடும்பச் சிக்கல். மன்றத் தலைவர் பிறகு பார்ப்பார்.)

இன்று சிரிக்கிறோம். ஆனால் அன்று மாலை எவரும் சிரிக்கவில்லை. வரி பன்மடங்கானது. அனார்குலைக் கண்டால் கதவடைத்தார்கள்; அவர் வந்து உட்கார்ந்த விரிப்பில் தேநீர் ஊற்ற மறுத்தார்கள். அவரை நீக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டம் கூடியது. இதே சாதிபாய் அவர்கள்தான் தலைமை. வசைகளெல்லாம் ஓய்ந்த பிறகு அனார்குல் எழுந்தார். நீண்ட உரையில்லை. என்னைப் போல் பேசத் தெரிந்தவர் அவரில்லை. அது அவர் செய்த நல்வினை.

"என் ஆடு போனப்ப எல்லாரும் வந்து எங்கூட அழுதீங்க. நான் மறக்கல. ஆனா அந்த ஆடு பொறக்கவே இல்லன்னு ஏட்டுல இருக்கு. அத அழிக்க என்னால முடியல. நாளைக்கு உங்க வீட்டு ஆடு போனா, நீங்க அழுறதுக்காவது அது பொறந்திருக்கணும். அவ்வளவுதான். இப்ப என்னைய நீக்குறதுன்னா நீக்கிக்கோங்க."

நீக்க வேண்டும் என்று தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலில் இறங்கிய கை எவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மூன்றாம் வரிசையில் தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

புதுக் கணக்கோடு மாவட்டத்துக்குப் போனார் அனார்குல். அதே அலுவலர், அதே நாற்காலி. ஏட்டைப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாராம். "ஒரே வருசத்துல ஆடு இப்படிப் பெருகுமாம்மா? அந்தக் கடாவ எங்க ஊருக்கும் கொஞ்சம் அனுப்புங்க!" சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். மாவட்டம் இரும்பு தந்தது. நம் வரிப்பணம் சிமெண்டு தந்தது. மிச்சத்தை எவர் தந்தார்? நீங்கள் தந்தீர்கள்! அசார் என்று அழைத்ததும், கூலி கேளாமல் கூடி உழைக்கும் நம் பழைய வழக்கப்படி, இரண்டு ஊரும் மண்வெட்டியோடு இறங்கின. இளைஞர் கல் சுமந்தனர். மகளிர் மணல் சலித்தனர். மூத்தோர் புளித்த குதிரைப்பாலாகிய குமிசு குடித்துக்கொண்டே குறை சொல்லிக் கண்காணித்தனர்.

தூண் எழுப்பத் தெரிந்த ஒருவர் வேண்டுமே? ஒரு மாத விடுப்பில் வந்தார் எர்மெக். அயலான் ஆற்றுக்கெல்லாம் பாலம் கட்டிய கைகள் அன்று முதன்முறையாகச் சொந்த ஆற்றில் நனைந்தன. விடுப்பு முடிந்தது, தூண் முடியவில்லை. பிறகு தூண் முடிந்தது. சரிதோபேக்காரர்கள் வந்து, எங்கள் ஆற்றுக்கும் ஒன்று கட்டித் தாருங்கள் என்று கூலி பேசிவிட்டார்கள். இப்போது எர்மெக்கின் உருசியப் பயணச்சீட்டு காலாவதியாகிக் கிடக்கிறது. அவர் வீட்டுப் பட்டியில் ஆடு இன்னும் கொஞ்சம்தான். ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் வைக்கிறவர் அவரே. அதோ, பாலத்தின் கைப்பிடி அருகே நிற்கிறார். ஐயா எர்மெக், முகம் சிவக்க வேண்டாம். திருமணமான ஆள் மனைவியைப் பார்த்துப் புன்னகைப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றமில்லை!

அவையோரே! அரசு என்பது என்ன? அது வானத்தில் இருக்கிற கடவுளா, நம் நெஞ்சில் உள்ளதை அறிய? தலைநகரில் எரியும் விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நாம் காட்டுவதைத்தான் காண முடியும். நாம் ஏழை என்றோம். ஏழைக்கு எதற்குப் பாலம் என்றது. நாம் சிலர் என்றோம். சிலருக்கு எதற்குச் சாலை என்றது. நாம் இல்லை என்றோம். இல்லாதவர்களுக்கு எதற்கு மருத்துவமனை, எதற்குப் பள்ளி, எதற்கு மின்விளக்கு என்றது! மந்தையை மறைத்தோம் என்று மகிழ்ந்தோம்; மறைந்தது நாமே என்பதை மறந்தோம்!

மாவட்டத் தலைவர் அவர்களே, கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

ஏன் மறைத்தோம்? கண்ணேறு என்றோம், கேடு என்றோம், அதெல்லாம் பேச்சு. உண்மை வேறு. எங்கள் தந்தையர் காலத்தில் வரி என்று போன பணம் மேலே போயிற்று. மேலே போனது கீழே வரவில்லை. எங்கே போயிற்று என்று கேட்டவனை ஏனென்று கேட்டவர் இல்லை. தங்கள் கணக்கை மறைத்தவர்களிடம் எங்கள் கணக்கை மறைத்தோம்! மறைப்பதை யார் முதலில் தொடங்கினார் என்று வழக்காட நான் வரவில்லை. யார் முதலில் நிறுத்தினார் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியது கராகொக்து! நிறுத்தியது சரிதோபே! நிறுத்தியவர், தன் ஆட்டை ஆற்றுக்குக் கொடுத்த ஒரு பெண்!

எங்கள் மேய்ச்சல் குழு இனி ஆண்டுதோறும் இந்தப் பாலத்தில் நின்று, வந்த பணம் இவ்வளவு, செலவு இவ்வளவு என்று உரக்கப் படிக்கும். நீங்களும் வாருங்கள். மாவட்டத்தின் கணக்கை இங்கே நின்று உரக்கப் படியுங்கள். ஆற்று இரைச்சலை மீறி எங்களுக்குக் கேட்கும்படி படியுங்கள்! எங்கள் ஆட்டின் காதைப் புரட்டிப் பார்த்தீர்கள். உங்கள் ஏட்டைப் புரட்டிப் பார்க்க எங்களுக்கும் உரிமை தாருங்கள்! மலை நாட்டு மக்கள் மறைக்காமல் வாழ்வார்கள், மறைக்காத அரசு வாய்த்தால்! ... மாவட்டத் தலைவர் தலையசைக்கிறார். வருவதாகச் சொல்கிறார். ஆயிரம் பேர் பார்த்திருக்கத் தலையசைத்திருக்கிறார், குறித்துக்கொள்ளுங்கள்!

என்ன அண்ணே? மமசாலி அண்ணன் எழுந்துவிட்டார். சொல்லுங்கள்.

"பேச்ச முடிப்பா! மந்தை கூட்டத்துக்குப் பின்னால வந்து நிக்குது. எல்லாத்துக்கும் முன்னாடி என் ஆடுதான் பாலத்துல எறங்கும்னு அனார்குல் தங்கச்சி சொல்லிருச்சு."

முதலில் உங்கள் ஆடா? நன்று! ஆனால் ஊர் கேட்கிறது, அண்ணே. நம் மரபில் எவரும் கேட்காத கேள்வியை இன்று ஊரே கேட்கிறது: எத்தனை?

"வாயால சொல்ல மாட்டேன்! எங்க அப்பன் சொன்னதில்ல, தாத்தன் சொன்னதில்ல. நானும் சொல்ல மாட்டேன்!" ... பொறுங்கள், பொறுங்கள், கூச்சல் போடாதீர்கள், அவர் இன்னும் முடிக்கவில்லை. "வாயாலதான் சொல்ல மாட்டேன்னேன். பாலம் என்ன, அகலமாவா இருக்கு? நடுப்பகல்ல, ரெண்டு ரெண்டா ஓட்டிட்டு வரேன். எல்லாரும் கரையில நில்லுங்க. உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல? எண்ணிக்கோங்க!"

இதற்கு மேல் இந்த மேடையில் பேச ஒன்றுமில்லை. பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கும், தலைமை ஏற்ற சாதிபாய் அவர்களுக்கும், குதிரையேறி வந்த விருந்தினருக்கும், கணவாய் கடந்து வந்த சரிதோபே உறவுகளுக்கும், கோக்சூவில் தூண் நட்ட எர்மெக்குக்கும், இன்னும் உட்காராமல் நிற்கும் அனார்குலுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் பணிவார்ந்த வணக்கம். தாய்மார்களே, கைப்பிடியை விட்டு ஒதுங்குங்கள். மாவட்டத் தலைவர் அவர்களே, சற்று நகர்ந்து நில்லுங்கள். வழி விடுங்கள், மந்தை வருகிறது!